பின்னோடும் நீர்: சென்னைக் குழாய்களின் வரலாற்றில் ஒரு மறந்த பக்கம்

குடிநீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது எங்கிருந்து வருகிறது என்றுதான் நாம் கேட்கிறோம். புழலா, பூண்டியா, செம்பரம்பாக்கமா, வீராணமா, கிருஷ்ணையா என்பது சென்னைவாசிகளின் தீராத கேள்வி. ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை நாளிதழ்கள் வானிலை அறிக்கை போல வெளியிடுகின்றன. ஆனால் குழாய்க்குள் புகுந்த நீர் எப்போதும் நம்மை நோக்கியே வரும் என்று யார் சொன்னது? அது வந்த வழியே திரும்பிப் போகவும் கூடும். திரும்பும்போது நம் வீட்டுத் தொட்டியில் இருப்பதையும், தெருவோரக் குழியில் தேங்கியிருப்பதையும், சில வேளைகளில் சாக்கடையில் ஓடுவதையும் உடன் அழைத்துச் செல்லவும் கூடும். பொறியாளர்கள் இதனைப் பின்னோட்டம் என்பர். இப்பின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு கருவி ஒன்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். பித்தளையில் ஒரு பிடியளவே இருக்கும் கருவிக்கு வரலாறா என்று வாசகர்கள் வியக்கலாம். நோயும் சாவும் சட்டமும் சேர்ந்து எழுதிய வரலாறு அது.

வானகரமும் மூன்று நீரும்

கூவம் ஆற்றங்கரையில், சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் வானகரம். 2011 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது அம்பத்தூரும் மதுரவாயலும் வளசரவாக்கமும் போரூரும் நகருக்குள் வந்தன. வானகரம் எல்லைக்கு வெளியே நின்றது. ஆயினும் நகரம் அவ்வூரை விட்டுவிடவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் திருமண மண்டபங்களும் மருத்துவமனையும் வந்தன. மக்கள் வந்தனர். நீர் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை.

ஆகவே இப்பகுதியின் குடியிருப்புகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் மூன்று வகை நீரைக் காணலாம். முதலாவது, வளாகத்துக்குள்ளேயே தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர். உப்புக் கரிக்கும்; கோடையில் மட்டம் இறங்கும். இரண்டாவது, லாரியில் வந்து இறங்கும் நீர். அது எந்த வயலின் கிணற்றிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது, ஊராட்சியோ வாரியமோ குழாய் வழியே அனுப்பும் நீர். இம்மூன்றும் பெரும்பாலும் தரைக்கடியில் உள்ள ஒரே 'சம்ப்'பில் கலக்கின்றன. அங்கிருந்து மோட்டார் அவற்றை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. பெரிய குடியிருப்புகளில் நான்காவதாக ஒரு நீரும் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விடும் நீர் அது. ஆக, குடிக்கத் தகுந்த நீரும் தகாத நீரும் சில அடி இடைவெளியில், ஒரே சுவருக்குள், ஒரே நிறக் குழாய்களில்கூட ஓடுகின்றன. இவற்றுக்கிடையே ஒரு 'கேட் வால்வு' மட்டுமே காவல் நிற்பதும் உண்டு. தகுந்த நீரும் தகாத நீரும் சந்திக்கக்கூடிய இத்தகைய இடத்தைக் குறுக்கிணைப்பு எனலாம்.

நீர் ஏன் திரும்புகிறது?

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் என்பது நாமறிந்த விதி. குழாய்க்குள் மேடும் பள்ளமும் அழுத்தத்தைப் பொறுத்தவை. அழுத்தம் மிகுந்த இடமே மேடு. குறைந்த இடமே பள்ளம். தெருக் குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கும்வரை நீர் வீட்டை நோக்கி வரும். தெருக் குழாயில் அழுத்தம் விழுந்துவிட்டால் வீடு மேடாகிறது, தெரு பள்ளமாகிறது.

இது இருவகையில் நேரலாம். ஒன்று, பின்னுறிஞ்சல். தெருக் குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி பெருமளவில் நீரை இழுத்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினாலோ, குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. அப்போது திறந்திருக்கும் எந்த வாயிலிருந்தும் அது உறிஞ்சும். ஒரு வாளி அழுக்குத் துணி ஊறும் நீரில் ரப்பர்க் குழாயின் முனை மூழ்கிக் கிடந்தால் அந்த நீரும் உள்ளே போகும். வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம் என்பதால், இவ்வுறிஞ்சல் எளிய ஆற்றலன்று. மற்றொன்று, பின்னழுத்தம். நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலுள்ள தொட்டிநீர் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்திலிருந்து அழுத்துகிறது. தெருக் குழாயின் அழுத்தம் அதற்குக் குறைவாக இருந்து, இரண்டுக்கும் நேரடி இணைப்பும் இருந்துவிட்டால், மாடிநீர் தெருவுக்கு இறங்கும்.

எதிரேறும் நீரைத் தமிழர் அறியாதவரல்லர். கடல்நீர் கழிமுகத்தின் வழியே ஆற்றுக்குள் ஏறுவதை ஓதம் என்னும் பழஞ்சொல் குறித்தது. ஏரிநீரைத் திறக்கவும் அடைக்கவும் தூம்பும் மதகும் அமைத்தோம். அவற்றைக் காக்க நீர்க்கட்டி என்ற பணியாளரை ஊரே அமர்த்தி, விளைச்சலில் பங்கும் தந்தது. ஆனால் ஏரியில் நீர் கண்ணுக்குத் தெரிந்தது. மேடு எது, பள்ளம் எது என்பதை நீர்க்கட்டி பார்த்தறிந்தார். குழாய் வந்தபின் நீர் மண்ணுக்குள் மறைந்தது. மேடும் பள்ளமும் மணிக்கு மணி இடம் மாறின. பார்த்துச் சொல்ல ஆளில்லை.

சென்னைக்குக் குழாய் வந்த கதை

சென்னையில் ஒழுங்குமுறையான நீர் வழங்கலின் தொடக்கம் 1772. கேப்டன் பேக்கர் என்பவரின் முயற்சியால் ஏழு கிணறு பகுதியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு நீர் சென்றது. அது கோட்டைக்குள் வாழ்ந்தோருக்கான ஏற்பாடு. நகரமக்கள் வழக்கம்போல் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்தனர். நகருக்கான திட்டம் நூறாண்டு கழித்தே வந்தது. பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டத்தின்படி கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழலேரிக்கும் கொண்டுவந்தனர். 1872 இல் புழலிலிருந்து திறந்த மண்கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது. அந்நீர் வடிகட்டப்படாதது.

இங்கு ஒரு புவியியல் உண்மையையும் குறிப்பிட வேண்டும். வானகரத்தை ஒட்டி ஓடும் கூவமும், நகருக்குக் குடிநீர் தந்த கொசஸ்தலையாறும் கேசவரம் அணைக்கட்டில் பிரியும் உறவுடையவை. ஒரு கிளை குடிநீராயிற்று. மறுகிளை நகருக்குள் புகுந்து சாக்கடையாயிற்று. நகரம் தன் நீரைக் கையாண்ட விதத்துக்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு வேண்டியதில்லை.

அடுத்த கட்டம் ஜே.டபிள்யூ. மேட்லியின் காலம். தியாகராய நகரின் மேட்லி சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திறந்த கால்வாய்க்கு மாற்றாக மூடிய செங்கற்கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீரேற்று நிலையம் ஆகியவற்றை உள்ளடக்கிய அவரது திட்டம் 1914 இல் செயற்பாட்டுக்கு வந்தது. நகரின் கழிவுநீர்க் குழாய் விரிவாக்கத்திலும் அவருக்குப் பெரும்பங்குண்டு. ஒரே தெருவின் கீழ்க் குடிநீரும் கழிவுநீரும் இணையாக ஓடும் இன்றைய அமைப்பு பெரிதும் அக்காலத்தில் உருப்பெற்றதே.

மேட்லி தொலைநோக்கோடுதான் கணக்கிட்டார். 1961 ஆம் ஆண்டில் நகரில் சுமார் 6,60,000 பேர் வாழ்வர் எனக்கொண்டு அவர் திட்டம் அமைந்தது. 1961 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ சென்னையின் மக்கள்தொகை 17 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆறரை இலட்சம் பேருக்கு இட்ட குழாயிலிருந்து பதினேழு இலட்சம் பேர் குடித்தால் என்ன ஆகும்? குழாயில் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் நீரை முறைவைத்து விடவேண்டிவரும். நாள் முழுதும் நிறைந்திருக்க வேண்டிய குழாய், நாளில் சில மணிநேரம் மட்டும் நிறைந்து மற்ற நேரம் வெறுமையாகக் கிடக்கும். பின்னோட்டத்தின் கதை இவ்விடத்தில்தான் சென்னையில் தொடங்குகிறது.

அடிபம்பும் குழிக்குழாயும்

அழுத்தமில்லாத குழாயிலிருந்து நீர் பெறச் சென்னைவாசிகள் இரண்டு வழிகளைக் கண்டனர். முதலாவது, குழாயைத் தாழ்த்துவது. வாசலில் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயைப் பொருத்தினால் சொட்டாவது விழும். இரண்டாவது, அடிபம்பு. வாரியக் குழாயிலேயே கைப்பம்பைப் பொருத்தி அடித்து இழுப்பது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலைப் படித்தவர்களுக்குச் சென்னைத் தெருவில் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்ற அக்காலத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னர் வசதி படைத்தோர் அடிபம்பின் இடத்தில் மின்மோட்டாரைப் பொருத்தினர். குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்துவது தடைசெய்யப்பட்ட செயல். அதிகாரிகள் பறிமுதல் செய்வதும் உண்டு. ஆனால் தெருவில் ஒருவர் பொருத்தினால் அடுத்தவருக்கு நீர் வராது. ஆகவே அவரும் பொருத்துவார்.

இவ்விரு வழிகளும் தேவையிலிருந்து பிறந்தவை. ஆயினும் ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தைக் கொணர்ந்தது. குழிக்குழாயின் குழியில் மழைநீரும் பாத்திரம் கழுவிய நீரும் தேங்கும். குழாயின் வாய் அதில் மூழ்கும். தெருக் குழாயில் நீர் நின்று வெற்றிடம் உண்டாகும்போது குழிநீர் உள்ளே உறிஞ்சப்படும். அடிபம்போ வெற்றிடத்தை உண்டாக்கியே இயங்குகிறது. குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால், அழுத்தம் உள்ளபோது நல்ல நீர் மண்ணுக்குள் கசியும். உறிஞ்சும்போது மண்ணிலுள்ள நீர் குழாய்க்குள் கசியும். அம்மண்ணில் பழைய சாக்கடைக் குழாயும் கசிந்துகொண்டிருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் முதல் குடம் நீர் கலங்கலாகவும் வாடையோடும் வருவதும், 'முதல் தண்ணியக் கொட்டிடு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் பலர் அறிந்த அனுபவம். அவ்வறிவுரை அறிவியலுக்கு ஒத்தது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரங்களில் தொடர்ந்து நீர் வழங்கிய பகுதிகளையும் விட்டுவிட்டு வழங்கிய பகுதிகளையும் ஒப்பிட்டு 2013 இல் வெளியான ஆய்வு, விட்டுவிட்டு வந்த நீரிலேயே மலக்கிருமிச் சுட்டிகள் மிகுதி எனக் கண்டது.

சாவிலிருந்து பிறந்த சட்டம்

இவ்வாபத்தை உலகம் எப்போது உணர்ந்தது? 1854 இல் லண்டன் பிராடு தெருவின் பம்புக்கும் காலராவுக்கும் உள்ள தொடர்பை ஜான் ஸ்நோ காட்டியதை நாமறிவோம். அது கிணற்று நீர் கெட்ட கதை. குழாய்நீரே திரும்பிக் கெட்டதைக் காட்டியவர் மருத்துவர் ஜார்ஜ் புகானன். 1873 இல் கேம்பிரிட்ஜ் நகரின் கேயஸ் கல்லூரியில் டைபாய்டு பரவியது. நோயுற்ற மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே முற்றத்தைச் சூழ்ந்த அறைகளில் வாழ்ந்தவர்கள். பிற முற்றங்களில் நோய் அரிது. அம்முற்றத்துக்குத் தனிக் குழாய் ஒன்று நீர் கொணர்ந்ததையும், நீர் நின்றபோது கழிப்பறைக்குச் செல்லும் குழாய் வழியே அசுத்தம் பின்னோக்கி உறிஞ்சப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் புகானன் கண்டார். அக்கால இங்கிலாந்திலும் நீர் விட்டுவிட்டே வந்தது. 1852, 1871 ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே லண்டன் மெல்லமெல்லத் தொடர் வழங்கலுக்கு மாறியது. இன்று நம் நகரங்களின் தனிக்குறையாகத் தோன்றும் இவ்வழக்கம், ஒரு காலத்தில் பேரரசின் தலைநகருக்கும் உரியதாக இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அடுத்தது சிகாகோ. 1933 இல் அங்கு உலகக் கண்காட்சி நடந்தது. அதனைக் காண வந்தோர் தங்கிய, அருகருகே அமைந்த இரு விடுதிகளில் பழைய குழாயமைப்பின் குறைகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அமீபா சீதபேதி பரவியது. விருந்தினர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிய பின்னரே நோய் வெளிப்பட்டதால், நெடுநாள் எவருக்கும் காரணம் புலப்படவில்லை. 1,400 பேருக்கு மேல் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர். குறுக்கிணைப்புகளைத் தடுக்கும் விதிகள் அமெரிக்காவில் கடுமையானதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பெருங்காரணம். 1969 இல் அந்நாட்டின் ஹோலிகிராஸ் கல்லூரிக் கால்பந்து அணி ஏறக்குறைய முழுமையாக மஞ்சட்காமாலையில் விழுந்தது. அருகில் ஏற்பட்ட தீயை அணைக்க நீரை இழுத்தபோது அழுத்தம் விழுந்து, தரைக்கடியில் பதித்திருந்த நீர்த்தெளிப்பான் குழிகளில் தேங்கிய அசுத்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டதே காரணம். சென்னையின் குழிக்குழாயும் அந்தத் தெளிப்பான் குழியும் இயற்பியலின் பார்வையில் ஒன்றே.

இந்தியாவில் நேர்ந்த பெருந்துன்பம் ஆற்றளவில் நிகழ்ந்த பின்னோட்டம். 1955 இறுதியில் டெல்லியில் யமுனை தன் போக்கை மாற்றியது. வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குக் கீழே ஆற்றில் கலக்க வேண்டிய நஜஃப்கர் வாய்க்காலின் கழிவு, எதிரேறி நீரெடுக்கும் இடத்தை அடைந்தது. நிலையத்தார் குளோரினைக் கூட்டினர். பாக்டீரியாக்கள் மடிந்தன, வைரஸ் மடியவில்லை. சுமார் 29,300 பேர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர். கருவுற்ற பெண்களிடையே நோய் கொடியதாயிருந்தது. அன்று சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல்லாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அது இன்று ஹெபடைடிஸ் ஈ எனப்படும் நோய் என்பது தெளிவாயிற்று. குளோரின் இருக்கிறதே, பின்னென்ன அச்சம் என்பாருக்கு டெல்லி சொல்லும் விடை இது.

வளர்ந்த நாடுகள் இதனை முற்றும் வென்றுவிட்டன என்றும் எண்ணவேண்டா. 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர் நிலையத்தில் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே இருந்த ஓர் இணைப்பின் வால்வு திறந்துகிடந்தது. சுமார் 4,50,000 லிட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. ஆயிரக்கணக்கானோர் வயிற்றுநோயால் வருந்தினர். வால்வு இருந்தது. ஆனால் மனிதர் மூடினால் மூடும், மறந்தால் திறந்திருக்கும் வகையைச் சேர்ந்த வால்வு அது. தானே மூடிக்கொள்ளும் தடுப்பான் அங்கே இல்லை.

கருவியின் இயல்பு

தடுப்பான்களில் மிகப் பழையதும் மிக நம்பத்தக்கதும் கருவியே அன்று; அது வெறும் காற்று. தொட்டிக்குள் விழும் குழாயின் வாய், தொட்டி நீரின் உச்ச மட்டத்துக்கு மேலே, குழாயின் விட்டத்தைப்போல் இருமடங்கேனும் உயர்ந்திருந்தால் எந்த வெற்றிடமும் தொட்டிநீரை உறிஞ்ச இயலாது. காற்றைத்தான் உறிஞ்சும். செலவில்லை, தேய்மானமில்லை. ஆயினும் நம் சம்ப்புகள் பலவற்றில் நீர் விழும் ஓசை வேண்டாமென்றோ, இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் நீர் கூடுதலாக வருமென்றோ குழாயை அடிவரை இறக்கிவிடுகிறோம். காற்றிடைவெளி அழிகிறது.

அடுத்தது ஒருவழி வால்வு. நம் பிளம்பர்கள் 'என்.ஆர்.வி.' என்பர். கிணற்றுக் குழாயின் அடியில் பொருத்தும் 'ஃபுட் வால்வு' இதன் உடன்பிறப்பே. உள்ளே ஒரு கதவு. முன்னோக்கி வரும் நீர் அதனைத் திறக்கும், திரும்ப முயலும் நீர் அதனை அடைக்கும். இக்கருத்து மிகத் தொன்மையானது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த டெசிபியசின் பம்பிலும் இத்தகைய கதவுகள் இருந்தன. நம் இதயமும் இக்கதவுகளாலேயே இயங்குகிறது. இதயக் கதவு சரியாக மூடாவிட்டால் குருதி பின்னோடுவதை மருத்துவர் நோயென்கின்றனர். குழாயில் அதுவே நிகழ்ந்தால் நாம் கவனிப்பதில்லை.

ஒற்றைக் கதவில் ஒரு மணற்பரல் சிக்கினாலும் அது முழுதாக மூடாது. ஆகவே இரட்டைக் கதவு வால்வு வந்தது. மருத்துவமனை, ஆய்வகம், தொழிற்சாலை போன்ற ஆபத்து மிகுந்த இடங்களுக்கு இன்னும் ஒருபடி மேலானது வேண்டும். அதில் இரு கதவுகளுக்கும் நடுவே ஒரு வடிகால் வாய் உண்டு. கதவு பழுதானால் நடுவில் சேரும் நீர் வெளியே கொட்டிவிடும். தெருக் குழாய்க்குத் திரும்பாது. தான் பழுதானதைத் தானே அறிவிக்கும் கருவி அது. கழிப்பறையில் கைத்தெளிப்பான் வைத்திருப்போர் வீடுகளுக்கு, வெற்றிடம் உண்டானதும் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும் சிறு வால்வு பொருந்தும்.

பொருத்துதலில் கவனிக்க வேண்டியவை சிலவே. வால்வின் உடலில் வார்த்திருக்கும் அம்புக்குறி நீர் செல்லும் திசையைக் காட்ட வேண்டும். கீல் வகைக் கதவைக் கிடைமட்டமாகவோ, நீர் மேலேறும் நேர்க்குழாயிலோ வைக்கலாம். நீர் கீழிறங்கும் குழாயில் வைத்தால் கதவு தன் எடையால் திறந்தே கிடக்கும். மணலைத் தடுக்க முன்னால் ஒரு சல்லடை வேண்டும். கழற்றி மாற்ற இருபுறமும் 'யூனியன்' வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டைல்ஸுக்கடியில் புதைத்த வால்வை எவரும் சோதிக்கமாட்டார். இரப்பர் இருக்கை காய்ந்து வெடிக்கும், உப்புநீர் படிவம் கதவைப் பிடித்துக்கொள்ளும், சுருள்வில் தளரும். ஆண்டுக்கொருமுறை சோதித்து, தேய்ந்ததை மாற்றுவதே முறை. மாற்றாத தடுப்பான் இருப்பது ஒன்றும் இல்லாததைவிடத் தீது. இருக்கிறது என்ற நம்பிக்கையை அது தந்துவிடுகிறது.

யாரைக் காக்கிறது?

இக்கருவி ஏன் நம்மிடையே பரவவில்லை? விதி இல்லாமலில்லை. 1970 இல் முதலில் வெளியாகி 2016 இல் இறுதியாக விரிவாகத் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறுக்கிணைப்பைத் தடுக்கச் சொல்கிறது. விலையும் பெரிதன்று, வீட்டளவு வால்வின் விலை ஒரு லாரித் தண்ணீரின் விலைக்குள் அடங்கிவிடும்.

காரணம் வேறு. நாம் வாங்கும் வடிகட்டி நம்மைக் காக்கிறது. நாம் வாங்கும் தொட்டி நமக்காக நிறைகிறது. ஆனால் நம் வீட்டு நுழைவாயிலில் நாம் பொருத்தும் பின்னோட்டத் தடுப்பான் நம்மைக் காப்பதில்லை. நம் சம்ப்பில் உள்ள லாரி நீரிலிருந்து அடுத்த வீட்டுக் குழந்தையைக் காக்கிறது. நம்மைக் காப்பது, அடுத்த வீட்டார் பொருத்தும் தடுப்பான். ஒவ்வொருவரும் பிறருக்காக வாங்கினால் மட்டுமே எல்லோருக்கும் பயன்தரும் பொருளை, அங்காடியின் போக்குக்கு விட்டுவிட்டால் எவரும் வாங்கமாட்டார். அதனால்தான் உலகெங்கும் அது சட்டத்தின் வழியே வந்தது; சட்டமும் சாவுகளுக்குப் பின்னரே வந்தது. ஏரிக்கு நீர்க்கட்டியை ஊரார் சேர்ந்து அமர்த்தியதும் இதே காரணத்தால்தான். தன் வயலுக்கு மட்டும் ஒருவர் நீர்க்கட்டி வைத்துக்கொள்ள முடியாது.

இதில் அரசின் பங்கையும் மறைக்கலாகாது. ஒரு தளமுள்ள வீட்டுக்குக் குறைந்தது 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர் அழுத்தம் குழாயில் இருக்கவேண்டும் என நடுவண் அரசின் பொறியியல் கையேடு கூறிவந்துள்ளது. அவ்வழுத்தம் இரவும் பகலும் இருந்தால் பின்னோட்டம் அரிதாகிவிடும். 1978 இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. 1996 இல் கிருஷ்ணை நீர் பூண்டிக்கு வந்தது. 2004 இல் வீராணம் நீர் வந்தது. 2007 இல் செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 2010 முதல் கடல்நீரும் குடிநீராயிற்று. நீரின் அளவைப் பெருக்க நாம் செய்த முயற்சிகள் இவ்வளவு. குழாயின் அழுத்தத்தைக் காக்கச் செய்தவை அவற்றோடு ஒப்பிடத்தக்கவையல்ல. 2021 இல் ஒடிசாவின் புரி நகரம் குழாயிலிருந்தே நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை இருபத்துநான்கு மணிநேரமும் வழங்கத் தொடங்கியது. ஆகவே இது இந்தியாவில் இயலாதது என்ற வாதம் நிற்காது.

அழுத்தம் வரும்வரை என்செய்வது? 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்ந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததென மக்கள் கூறினர், அரசுத்தரப்பு மறுத்தது. யார் கூற்று சரி என்று தீர்ப்பது நம் நோக்கமன்று. அத்தகைய ஐயம் எழும் ஒவ்வொரு முறையும், குழாய் எங்கே உடைந்தது என்று தேடுவதோடு விசாரணை நின்றுவிடுகிறது. எந்தெந்த வீட்டிலிருந்து, எந்தக் குழியிலிருந்து நீர் திரும்பியிருக்கக்கூடும் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விழைவது.

2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்துக்குப் பின் ஊராட்சிகளிலும் வீட்டுக்குவீடு குழாய் என்பது கொள்கையாயிற்று. வானகரம் போன்ற புறநகர் ஊர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பழைய சென்னை நூறாண்டுப் பழுதைத் தோண்டித் திருத்தவேண்டும். இவ்வூர்கள் இணைப்புக் கொடுக்கும்போதே சரியாகக் கொடுத்துவிடலாம். குடியிருப்போர் சங்கங்கள் மூன்று செயல்களைத் தாமே செய்துகொள்ளலாம். சம்ப்பில் இறங்கும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வெட்டி நிறுத்துதல்; குழாய்நீருக்கும் லாரி நீருக்கும் தனித்தனித் தொட்டி வைத்தல்; நுழைவாயிலில் ஓர் இரட்டைக் கதவு வால்வைப் பொருத்தி, அதனை மாற்றிய நாளைச் சுவரில் எழுதிவைத்தல். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிய நாளை அதன்மேல் எழுதும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. கீழே வாசலில் இன்னொரு தேதியையும் எழுதவேண்டும், அவ்வளவே. மேலே எழுதியது நம் வீட்டாருக்காக. கீழே எழுதுவது நம் தெருவாருக்காக.